கிளாடா இசைத்தட்டுகள்: அவசரம் அறியாத ஓர் அயர்லாந்து நிறுவனம்

டப்ளின் நகரில் 1959-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கிளாடா ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் பழைய ஒலிப்பதிவுகள் புதுப்பிக்கப்பட்டு, கடந்த சில ஆண்டுகளாகப் படிப்படியாக மீண்டும் வெளிவந்துகொண்டிருக்கின்றன. இணையத்தில் பெரும்பாலானவற்றைக் கேட்க முடிகிறது. சில குறுந்தட்டாகவும் வினைல் தட்டாகவும் கிடைக்கின்றன. அயர்லாந்தின் மரபிசையை அறிய விரும்பும் ஒருவர் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், நான் தயங்காமல் இந்த ஒரு நிறுவனத்தின் பட்டியலையே கைகாட்டுவேன். எல்லாத் தட்டுகளும் ஒரே தரத்தில் அமைந்துவிட்டன என்று சொல்ல வரவில்லை. ஆனால் இசைக்கலைஞர் தம் வீட்டில் தமக்காக வாசிப்பதை எப்படி வாசிப்பாரோ அப்படியே வாசிக்கவிட்டு, அதைக் குறுக்காமலும் அலங்கரிக்காமலும் பதிவுசெய்த நிறுவனங்கள் அந்தக் காலத்தில் எந்த நாட்டிலுமே மிகக் குறைவு. கிளாடாவின் வரலாறு முழுவதும் அந்த ஒரு தீர்மானத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது. தட்டுகளைக் கேட்கும்போதும் அதுதான் முதலில் காதில் விழுகிறது.

நிறுவனத்தைத் தொடங்கிய காரெக் பிரவுனுக்கு அப்போது வயது 20. அவருடைய தாய் ஊனா, கின்னஸ் மதுத் தொழிற்குடும்பத்தின் மகள். தந்தை பிரபுக்கள் வரிசையைச் சேர்ந்தவர். விக்லோ மலைகளுக்கு நடுவே ஏரிக்கரையில் அமைந்திருந்த லக்கலா மாளிகையில் வளர்ந்த அந்த இளைஞர், தம் வகுப்பைச் சேர்ந்தவர்கள் ஏறிட்டும் பாராத ஐரிஷ் மொழியிலும், கிராமத்து அடுப்படிகளில் வாசிக்கப்பட்ட இசையிலும் மனத்தைப் பறிகொடுத்தார். உடன் சேர்ந்து நிறுவனத்தை ஏற்படுத்திய மனநல மருத்துவர் ஐவர் பிரவுன் (பெயர் ஒன்றானாலும் இருவரும் உறவினர் அல்லர்) இதே பித்துப் பிடித்தவர். கால்வே நகரை ஒட்டிய பழைய மீனவக் குடியிருப்பின் பெயரை நிறுவனத்துக்கு வைத்தார்கள். அவர்களுடைய முதல் நோக்கம் மிகச் சிறியது: லியோ ரௌசம் என்னும் குழலிசைஞரின் வாசிப்பை எல்பி என்னும் நீண்டநேரத் தட்டு ஒன்றில் முழுமையாகப் பதிய வேண்டும்.

இன்று அது எளிய விருப்பமாகத் தோன்றலாம். அன்றைய நிலை வேறு. அயர்லாந்தின் மரபிசை அதற்கு முன்பே இசைத்தட்டில் ஏறியிருந்தது. ஆனால் அதன் பொற்காலப் பதிவுகள் 1920-களில் அமெரிக்காவில் குடியேறிய அயர்லாந்துக்காரர்களை நம்பி, அங்கேயே தயாரானவை. மைக்கேல் கோல்மன், ஜேம்ஸ் மாரிசன் ஆகிய ஸ்லைகோ மாவட்டத்து ஃபிடில் (வயலின்) கலைஞர்களின், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் கடல் கடந்து தாயகத்துக்கு வந்து, கிராமத்துக்குக் கிராமம் வாசிப்பு முறையையே மாற்றின. அந்தத் தட்டுகளில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடமே இடம் உண்டு. பெரும்பாலானவற்றில் மெட்டுக்கு ஒட்டாத பியானோ பக்கவாத்தியம் வேறு பின்னால் தட்டிக்கொண்டே இருக்கும். அயர்லாந்துக்குள்ளேயே ஐரிஷ் மொழி இயக்கமான கேல் லின் 1957-இல்தான் தட்டு வெளியிடத் தொடங்கியிருந்தது. பெரிய வணிக நிறுவனங்களைப் பொறுத்தவரை, ஒற்றைக் குழலிசைஞரின் நாற்பது நிமிட வாசிப்பு என்பது விலைபோகாத சரக்கு.

ரௌசம் வாசித்த கருவியின் பெயர் இல்லன் பைப்ஸ். ஸ்காட்லாந்துப் படைவரிசைகளில் நாம் கண்டிருக்கும் பைப்புக்கும் இதற்கும் உறவு உண்டு என்றாலும், குணம் முற்றிலும் வேறு. வாசிப்பவர் அமர்ந்தே வாசிக்கிறார். காற்று வாயிலிருந்து வருவதில்லை. வலது முழங்கைக்குக் கீழே கட்டிய துருத்தி காற்றை ஊதித் தர, இடது கைக்கு அடியில் உள்ள பை அதைத் தேக்கி அழுத்தம் மாறாமல் அனுப்புகிறது. விரல்கள் இயங்கும் குழல் ஒன்று. சுருதியை விடாமல் பிடித்திருக்கும் ஒத்துக் குழல்கள் மூன்று. இவை போதாதென்று, விசைகள் பொருத்திய ரெகுலேட்டர் என்னும் குழல்கள் மூன்று மடிமீது கிடக்கின்றன. மெட்டை விரல்களால் வாசித்துக்கொண்டே, கிடைத்த இடைவெளியில் மணிக்கட்டின் ஓரத்தால் அந்த விசைகளை அழுத்தி, வாசிப்பவர் தமக்குத் தாமே சுரக்கூட்டுகளால் பக்கவாத்தியம் சேர்த்துக்கொள்கிறார். சீவாளிகள் ஈரப்பதம் சற்று மாறினாலும் முறுக்கிக்கொள்ளும். இத்தனையையும் ஒருசேர அடக்கி ஆள்வதற்கு வாழ்நாள் போதாது என்று அந்தக் கலைஞர்கள் சொல்வதில் மிகையே இல்லை. 2017-இல் யுனெஸ்கோ இந்தக் குழலிசையைத் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் 1950-களில் இதைத் தேர்ச்சியோடு வாசித்தவர்கள் மிகச் சிலரே.

ரௌசம் அந்தச் சிலரில் தலையானவர். பாட்டனும் தந்தையும் குழலிசைஞர்கள். குழலைச் செய்யவும் பழுதுபார்க்கவும் தெரிந்த குடும்பம். இளமையிலேயே டப்ளின் நகராட்சி இசைப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தவர், 1970-இல் இறக்கும்வரை மாணவர் தலைமுறைகளை உருவாக்கினார். கிளாடாவின் முதல் தட்டான ‘ரீ ந பீபரீ’யில் (குழலிசைஞர்களின் மன்னர் என்பது பொருள்) அவர் வாசிப்பு மிக நிதானமானது; ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இழைந்து போகிறது. நான் இந்தத் தட்டில் திரும்பத் திரும்பக் கேட்பது ரெகுலேட்டர்களைத்தான். பின்னால் வந்த பலர் அவற்றைத் தாளத்துக்கு முட்டுக்கொடுப்பதுபோல் ஆங்காங்கே தொட்டுவிட்டுப் போக, ரௌசம் முழுமையான சுரக்கூட்டுகளை விடாமல் நீட்டிப் பிடிக்கிறார்; ஒரே மனிதர் வாசிக்கிறார் என்பதை மறக்கும் அளவுக்கு ஒலி நிறைந்துவிடுகிறது. ஒலிப்பதிவில் பூச்சு இல்லை. ஆறு பதிற்றாண்டு கடந்த பதிவு என்பது கேட்கும்போதே தெரிகிறது. மேல்ஸ்தாயி சுரங்கள் சற்று மெலிந்து ஒலிக்கின்றன. ஆனால் ஒத்துக் குழல்களின் கார்வை இன்றைய நல்ல ஒலிபெருக்கியில் அறை முழுவதும் பரவுகிறது. அதற்காகவே ஒருமுறை இதை ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கேட்க வேண்டும்.

அடுத்த இசைத் தட்டுக்குக் கிளாடா எடுத்துக்கொண்ட காலம் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். வேறு எந்த நிறுவனமாக இருந்தாலும் அதற்குள் இழுத்து மூடியிருப்பார்கள். பிரவுனுக்குப் பிழைப்பு இதில் இல்லை என்பதால் காத்திருக்க முடிந்தது. குடும்பச் செல்வத்தின் தயவில் நடந்த நிறுவனம் என்ற விமர்சனத்தில் உண்மை உண்டு; நான் அதை மறுக்கப்போவதில்லை. அதே செல்வம் படைத்த வேறு பலர் குதிரைப் பந்தயத்தில் விட்ட பணத்தை, இவர் யாரும் கேட்காத ஒரு குழலிசைஞருக்காகச் செலவிட்டார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அந்த இரண்டாவது தட்டுத்தான் ‘தி சீஃப்டன்ஸ்’. ரௌசமின் மாணவரான பேடி மலோனி என்ற குழலிசைஞரிடம், ஒரே ஒரு தட்டுக்காக ஒரு குழுவைச் சேர்க்கும்படி பிரவுன் கேட்டுக்கொண்டார். மலோனி அப்போது ஷான் ஓ ரியாடா என்னும் இசையமைப்பாளரின் ‘கியோல்தோரி குவாலன்’ குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே டின் விசில் என்னும் சிறு தகரக் குழலுக்கு ஷான் பாட்ஸ், ஃபிடிலுக்கு மார்ட்டின் ஃபே, புல்லாங்குழலுக்கும் கான்செர்ட்டினா என்னும் சிறு துருத்தி வாத்தியத்துக்கும் மைக்கேல் டப்ரிடி ஆகியோரை அழைத்துக்கொண்டார். பௌரான் என்னும் தோல் வாத்தியத்துக்கு, இவர்களைவிட வயதில் மூத்தவரான டேவி ஃபாலன் வந்தார். குழுவின் பெயர் பிரவுனின் நண்பரான கவிஞர் ஜான் மாண்டகுவின் கதைத் தலைப்பு ஒன்றிலிருந்து வந்தது. பதிவு 1963-இல், வெளியீடு 1964-இல். ஐவரும் வேறு வேலைகளில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். இந்த ஒற்றைத் தட்டுக் குழு அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேல் உலகம் சுற்றும் என்று அவர்களில் எவரும் நினைத்திருக்க வழியில்லை.

பின்னாளில் இக்குழு ராக் பாடகர்களோடும் பெரிய இசைக்குழுக்களோடும் சேர்ந்து செய்தவற்றைக் கேட்டுவிட்டு இந்த முதல் தட்டுக்கு வருபவர்களுக்கு இதன் சிக்கனம் வியப்பாக இருக்கும். கிட்டார் இல்லை, பியானோ இல்லை, பாடுவோர் இல்லை. ஒரு மெதுவான பாட்டு மெட்டைக் குழலோ விசிலோ தனியே எடுக்கும். அது தன்னைச் சொல்லி முடித்த பிறகு இன்னொரு கருவி சேரும். பிறகு சட்டென்று காலப்பிரமாணம் மாறி ஜிக் அல்லது ரீல் என்னும் வேகமான நடன மெட்டாக ஓடும். மற்றவர்கள் ஒதுங்க, இரண்டே கருவிகள் ஒரு மெட்டின் பாதியைப் பேசித் தீர்க்கும். அதுவரை கெய்லி எனப்படும் நடனக் கூட்டங்களுக்கு வாசித்த குழுக்களில் எல்லாரும் தொடக்கம் முதல் இறுதிவரை ஒன்றாக வாசிப்பதே வழக்கம். கருவிகளுக்கு இடையே இப்படி முறைவைத்துப் பேசவிடும் பாடத்தை ஓ ரியாடாவிடம் கற்ற மலோனி, அதை ஒரு எல்பி அளவுக்கு விரித்துக் காட்டினார். ஃபேயின் ஃபிடில் இத்தட்டில் மிக மென்மையானது. வேகமான மெட்டுகளில் அவரைவிட விசில்காரர் பாட்ஸ்தான் தாளத்தை இழுத்துச் செல்கிறார். உறைக்கு ஓவியம் தந்தவர், டப்ளினில் அயர்லாந்துப் புரட்சியாளர் உல்ஃப் டோனின் சிலையைச் செய்த சிற்பி எட்வர்ட் டெலானி. அந்தக் காலத்து அயர்லாந்து இசைத்தட்டு உறை என்றாலே பச்சை வயலும் ஓலைக்கூரையும் என்றிருந்த நிலையில், இது ஒரு நவீன ஓவியக்கூடத்துப் பட்டியல்போல் நிமிர்ந்து நிற்கிறது.

1968-இல் மலோனியே கிளாடாவின் நிர்வாகப் பொறுப்புக்கு வந்தார். அதுவரை கட்டுமானப் பொருள் வணிக நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருந்தவர். அவர் இருந்த ஏழாண்டுகளே இந்தப் பட்டியலின் செழிப்பான காலம் என்பது என் எண்ணம். தட்டுகள் முன்னைவிட அடிக்கடி வந்தன. தேர்வில் சமரசம் வரவில்லை. ஒரு குழலிசைஞர் பதிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1971-இல் வந்த ‘தி ட்ரோன்ஸ் அண்ட் த சான்டர்ஸ்’ நல்ல எடுத்துக்காட்டு: பல குழலிசைஞர்களை ஒரே தட்டில் அருகருகே அமர்த்தி, பாணிக்குப் பாணி உள்ள வேறுபாட்டைக் கேட்பவரே கண்டுகொள்ளும்படி செய்தது. குழல் கற்பவர்களுக்கு இன்றும் அது பாடப்புத்தகம்.

இந்தக் காலத்துத் தட்டுகளில் மூன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, 1969-இல் வந்த ‘தி ஸ்டார் அபவ் த கார்ட்டர்’. டெனிஸ் மர்ஃபி, ஜூலியா கிளிஃபர்ட் என்ற அண்ணன் தங்கை இருவர், இரண்டு ஃபிடில்கள், வேறொன்றும் இல்லை. கெர்ரி, கார்க் மாவட்டங்களின் எல்லையில் கிடக்கும் ஸ்லீவ் லூக்ரா என்ற மேட்டுநிலப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அந்தப் பகுதியெங்கும் வீடு வீடாகச் சென்று ஃபிடில் கற்பித்த பாட்ரிக் ஓ கீஃப் என்ற நாடோடி ஆசிரியரின் மாணவர்கள். மற்ற மாவட்டங்களில் ரீலும் ஜிக்கும் ஆட்சிசெய்ய, இங்கே போல்காவும் ஸ்லைடும்தான் முதன்மை. கால் தரையில் பாவாமல் துள்ளவைக்கும் மெட்டுகள் அவை. தங்கை பல இடங்களில் அண்ணனுக்கு ஒரு ஸ்தாயி கீழே வாசிக்கிறார். இருவருடைய வில்லும் ஒரே இடத்தில் மூச்சு விடுகின்றன. இதைக் கேட்டபின், பக்கவாத்தியம் எதற்கு என்ற கேள்வி உண்மையிலேயே எழுகிறது. மெட்டுக்கு உள்ளேயே தாளமும் அசைவும் இருக்கின்றன; வில்லின் அழுத்தத்தில் அது தெரிகிறது. மெதுவான சோக மெட்டுகளில் ஜூலியாவின் வில் நடுங்கும் அந்தச் சில இடங்கள் பட்டியல் முழுவதிலும் என்னை மிகவும் உருக்கியவை. அயர்லாந்து ஃபிடில் இசையில் ஒரே ஒரு தட்டு வாங்குவதென்றால் இதை வாங்கலாம்.

இரண்டாவது, 1972-இல் வந்த ‘தி லிஃபி பேங்க்ஸ்’. டாமி பாட்ஸ் டப்ளின்காரர். நகரத்துத் தீயணைப்புப் படையில் வேலை பார்த்தவர். சீஃப்டன்ஸ் குழுவின் ஷான் பாட்ஸுக்குச் சிற்றப்பா முறை. அவர் வாழ்ந்த காலத்தில் வெளிவந்த தனித்தட்டு இது ஒன்றே. மரபிசைக்குள்ளேயே ஒருவர் எவ்வளவு தூரம் தனியே நடந்துபோக முடியும் என்பதற்கு இதைவிடத் துணிவான சான்று எனக்குத் தெரியாது. எல்லாரும் அறிந்த ஒரு ரீலை எடுத்துக்கொள்கிறார். ஓர் ஆவர்த்தம் ஒழுங்காக வாசிக்கிறார். பிறகு எதிர்பார்க்கும் சுரத்துக்குப் பதில் வேறொன்றில் போய் நிற்கிறார். அரைத் தாளம் விட்டுப்போகிறது, அல்லது கூடிவிடுகிறது. எங்கோ கேட்ட மேற்கத்திய செவ்வியல் இசையின் சொற்கட்டு ஒன்று நுழைந்து மறைகிறது. பின் மெட்டு தன் வீட்டுக்குத் திரும்புகிறது. இதற்கு யாரும் ஆட முடியாது. ஆடுவதற்காகவே பிறந்த மெட்டுகளை ஆட முடியாதபடி வாசிப்பது தவறு என்று அக்காலத்தில் கருதியவர்கள் உண்டு. அந்தக் கருத்தை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. ஏனெனில் மீறல் ஒவ்வொன்றும் மெட்டின் உள்ளிருந்தே முளைக்கிறது. இன்று அயர்லாந்து இசை வாசிக்கும் இடமெல்லாம் கேட்கும் ‘தி பட்டர்ஃபிளை’ என்ற ஒன்பது மாத்திரை ஸ்லிப் ஜிக் இவர் பெயரோடு சேர்ந்தது. இத்தட்டில் அதை அவர் கையாலேயே கேட்கலாம். பிற்காலத்தில் இசையறிஞர் மீஹால் ஓ சூலவான் தம் முனைவர் பட்ட ஆய்வை முழுவதுமாக இவருடைய வாசிப்புக்கே ஒதுக்கினார். முதல்முறை கேட்கும்போது இந்தத் தட்டு பிடிபடாமல் போகலாம். சாதாரண முறையில் வாசித்த ரீல்களைக் காது பழகிக்கொண்ட பிறகு கேட்டால்தான், எந்த வழியிலிருந்து அவர் விலகுகிறார் என்பது புரியும்.

மூன்றாவது, ஷான் ஓ ரியாடாவின் ‘ஓ ரியாடாஸ் ஃபேர்வெல்’. ஓ ரியாடா 1971 அக்டோபரில், 40-ஆவது வயதில், லண்டன் மருத்துவமனை ஒன்றில் இறந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பு லக்கலா மாளிகைக்கு வந்து, அங்கிருந்த ஹார்ப்சிகார்டில் (பியானோவுக்கு முந்திய, தந்தியை மீட்டி ஒலிக்கும் விசைக்கருவி) தனியே அமர்ந்து பழைய பாட்டு மெட்டுகளை வாசித்தார். அந்தப் பதிவு மறைவுக்குப் பிறகு தட்டானது. அயர்லாந்தின் பழைய உலோகத் தந்தி யாழ் வழக்கொழிந்துவிட்ட நிலையில், அதன் ஒலிக்கு மிக நெருங்கி வருவது ஹார்ப்சிகார்டே என்பது அவர் கருத்து. கருத்து நல்லது, வாசிப்பைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. குரலால் பாடும்போது ஒரு சுரத்தை இழுத்து, அதைச் சுற்றிக் கமகங்களை நெய்வதுதான் அந்தப் பாட்டுகளின் உயிர். ஹார்ப்சிகார்டில் சுரம் மீட்டிய கணமே தேயத் தொடங்கிவிடுகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப ஓ ரியாடா சேர்க்கும் அலங்காரங்கள் சில இடங்களில் மெட்டை மூடிவிடுகின்றன. மற்ற இடங்களில், கைகள் நிதானித்து மெட்டை மட்டும் சொல்லும்போது, பெரிய ஒரு மனம் தன்னோடு தானே பேசிக்கொள்வதை அருகிலிருந்து கேட்பதாகவே இருக்கிறது. இந்தத் தட்டைப் பின்னணியில் ஓடவிட்டால் எதுவும் கிடைக்காது. யாழொலியையே விரும்புபவர்கள், சீஃப்டன்ஸ் குழுவில் பின்னர் சேர்ந்த டெரெக் பெல் 1975-இல் வெளியிட்ட ‘கேரலன்ஸ் ரிசீட்’ தட்டை நாடலாம். 18-ஆம் நூற்றாண்டின் பார்வையற்ற யாழ்க் கலைஞர் டர்லோ கேரலன் இயற்றிய மெட்டுகளை அதில் பெல் யாழிலேயே வாசிக்கிறார்.

பாடல் தட்டுகளில், கால்வே மாவட்டத்துச் சகோதரிகளான சாரா கீன், ரீட்டா கீன் இருவரும் பாடிய ‘ஒன்ஸ் ஐ லவ்டு’ எனக்கு மிகவும் பிடித்தது. இருவரும் ஒரே மெட்டை ஒன்றாகப் பாடுகிறார்கள். குரலுக்குக் குரல் இணைச்சுரம் சேர்ப்பதில்லை. ஒரே கமகம் இரு தொண்டைகளில் மயிரிழை வேறுபாட்டோடு ஒலிக்கும்போது உண்டாகும் அந்த அதிர்வை எந்த ஒலிக்கூடத் தந்திரமும் தந்துவிட முடியாது. ஐரிஷ் மொழியில் மட்டுமே பாடப்பட்ட, பக்கவாத்தியம் இல்லாத பழைய பாட்டு முறையான ஷான்-நோஸ் மரபுத் தட்டுகளும் பட்டியலில் உண்டு. பாட்டின் சொல்லறியாமல் அவற்றை நெடுநேரம் கேட்பது கடினம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். உறைக்குறிப்பு இல்லாமல் அவற்றை வாங்காதீர்கள்.

கிளாடாவைப் பிற நாட்டுப்புற இசை நிறுவனங்களிலிருந்து வேறுபடுத்துவது கவிஞர்களின் குரல். பேட்ரிக் கவனா தம் கவிதைகளைத் தாமே சொன்ன ‘ஆல்மோஸ்ட் எவ்ரிதிங்’, நோபல் பரிசுக்கு வெகுகாலம் முன்பு இளைஞரான ஷேமஸ் ஹீனி ஜான் மாண்டகுவோடு சேர்ந்து வாசித்த 1968-ஆம் ஆண்டுத் தட்டு, ஸ்காட்லாந்துக் கவிஞர் ஹியூ மக்டையர்மிட் தம் நீள்கவிதையை முழுவதுமாகச் சொன்ன பதிவு ஆகியவை இந்த வரிசையில் வருகின்றன. இவற்றுள் தனிச்சிறப்பு வாய்ந்தது, நடிகர் ஜாக் மகௌரன் சாமுவேல் பெக்கெட்டின் உரைநடையை வாசித்த 1966-ஆம் ஆண்டுத் தட்டு. இடையிடையே வரும் ஷூபர்ட் இசையை வாசித்தவர்கள் பெக்கெட்டின் உறவினர்களான ஜான் பெக்கெட்டும் எட்வர்ட் பெக்கெட்டும். அவர்களோடு சேர்ந்து சேகண்டி அடித்தவர் சாமுவேல் பெக்கெட்டேதான். பேட்டி தருவதையே தவிர்த்த அந்த எழுத்தாளர் ஒரு சிறு நிறுவனத்தின் தட்டில் வந்து சேகண்டி அடித்துக் கொடுத்தார் என்பதிலிருந்து, பிரவுனின்மீது கலைஞர்கள் வைத்திருந்த நம்பிக்கையை ஊகித்துக்கொள்ளலாம். மகௌரனின் குரல் வறண்டு, விரிசல் விட்டு, ஓரிடத்தில்கூட நடிப்பாக மாறாமல் நகர்கிறது.

1975-இல் சீஃப்டன்ஸ் குழுவினர் முழுநேரக் கலைஞர்களானார்கள். மலோனி அலுவலக நாற்காலியை விட்டு எழுந்தார். அவர்களுடைய நான்காம் தட்டில் டெரெக் பெல்லின் யாழோடு ஒலித்த ஓ ரியாடாவின் மெட்டு ஒன்று, அந்த ஆண்டு வெளிவந்த ஸ்டான்லி குப்ரிக்கின் ‘பேரி லிண்டன்’ படத்தில் இடம்பெற, குழு உலகறிந்ததாகிவிட்டது. பெரிய நிறுவனங்களின் விநியோகம் இல்லாமல் அந்த அளவுக்கு வளர்ந்திருக்க முடியாது. அவ்வளவு பெரிதாக வளர்ந்த குழுவைக் கிளாடாவின் தோள் தாங்கியும் இருக்காது. அதன் பிறகும் கிளாடா நல்ல தட்டுகளை வெளியிட்டது. குறிப்பாக டப்ரிடியின் 1978-ஆம் ஆண்டுப் புல்லாங்குழல் தட்டு, அலட்டல் இல்லாத கிளேர் மாவட்ட வாசிப்புக்கு அழகான மாதிரி. ஆயினும் பழைய வேகம் திரும்பவில்லை. டப்ளினின் டெம்பிள் பார் பகுதியில் செசிலியா தெருவில் நிறுவனம் நடத்திய கடை, தன் தட்டுகளோடு பிற சிறு வெளியீட்டாளர்களின் தட்டுகளையும் சேர்த்து விற்று, மரபிசை தேடி வருவோரின் முகவரியாக நெடுங்காலம் விளங்கியது. பிரவுன் 2018 மார்ச்சில் காலமானார். மலோனி 2021 அக்டோபரில். இடையில் யுனிவர்சல் மியூசிக் அயர்லாந்தோடு ஏற்பட்ட உரிம ஒப்பந்தத்தின் பயனாகத்தான் பட்டியல் இப்போது உலகெங்கும் மீண்டும் கைக்கு எட்டுகிறது.

மறுவெளியீட்டின் ஒலித்தரம் பற்றி: இரைச்சலை முற்றிலும் துடைத்தெறியும் ஆசையில் பழைய பதிவுகளின் உயிரையும் சேர்த்துத் துடைத்துவிடுவது இன்றைய பொது நோய். நான் கேட்டவரையில் இங்கே அது நேரவில்லை. ‘தி ஸ்டார் அபவ் த கார்ட்டர்’ தட்டில் வில் தந்தியைக் கடிக்கும் முதல் உரசல் கேட்கிறது. ரௌசமின் ரெகுலேட்டர் விசைகள் எழுந்து விழும் மெல்லிய ஓசையும் காதில் படுகிறது. இந்த ஓசைகளைக் கேட்டுத்தான் கற்பவர் கையின் இயக்கத்தை ஊகிக்க முடியும் என்பதால், இவற்றை விட்டுவைத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

குறை என்று சொன்னால், அது கேட்கும் வழியைப் பொறுத்தது. இணைய ஒலியோடைச் சேவைகளில் உறைக்குறிப்புகள் வருவதில்லை. மரபிசையில் ஒரே மெட்டுக்கு ஊருக்கு ஒரு பெயர். யாரிடம் கற்றார், எந்த ஊர் வழி, எந்த மெட்டோடு எதைச் சேர்த்தார் என்பதெல்லாம் குறிப்புகளில்தான் இருக்கின்றன. குறிப்பு இல்லாமல் கேட்பவருக்கு மூன்று மெட்டுகள் சேர்ந்த ஒரு தடம், எங்கே ஒன்று முடிந்து எங்கே அடுத்தது தொடங்கியது என்பது தெரியாமலேயே ஓடிவிடும். தேடு பெட்டியில் நிறுவனத்தின் பெயரைத் தட்டினால் சீஃப்டன்ஸ் மட்டுமே வரிசைகட்டி நிற்கிறார்கள். டாமி பாட்ஸையும் கீன் சகோதரிகளையும் பெயர் சொல்லித் தேடினால்தான் அகப்படுகிறார்கள். ஆகவே விருப்பமானவற்றையேனும் தட்டாக வாங்குவது நல்லது. ஃபிடில், குழல் இரண்டுக்கும் வினைலின் ஒலி பொருந்தி வருகிறது என்றாலும், குறுந்தட்டிலும் குறிப்புகள் உண்டு, விலையும் குறைவு. உறையின் ஓவியத்துக்காக மட்டும் பெரிய தட்டு வேண்டியிருக்கும்.

புதிதாகக் கேட்பவர்கள் சீஃப்டன்ஸின் முதல் தட்டிலிருந்து தொடங்கலாம். அதில் கருவிகள் தனித்தனியே அறிமுகமாகிவிடும். அடுத்து மர்ஃபியும் கிளிஃபர்டும். காது ரீலையும் போல்காவையும் பிரித்தறியத் தொடங்கியதும் ரௌசமிடம் செல்லுங்கள். ஒத்துக் குழல்களின் இடைவிடாத கார்வை முதலில் சலிப்பூட்டினால், ஒரு பக்கம் மட்டும் கேட்டு நிறுத்திவிட்டு மறுநாள் மற்றப் பக்கம் கேட்கலாம். ‘தி லிஃபி பேங்க்ஸ்’ அதற்குப் பிறகே. ஆங்கில உரைநடையை ரசிப்பவர்கள் மகௌரனின் தட்டை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் பெக்கெட்டின் பக்கத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு கேட்பது நல்லது. வாக்கியங்களின் நடுவே மகௌரன் விடும் இடைவெளிகள் அச்சில் எந்த நிறுத்தக்குறிக்கு நேராக விழுகின்றன என்று பார்ப்பதற்கே இன்னொருமுறை கேட்கத் தோன்றும்.